பூசணிக்காய்க்கு ஒரு துப்பாக்கி

மனிதகுலம் மன அமைதிக்காகக் கண்டுபிடித்த வழிகளில் தியானத்தையும் விஞ்சியது ஒன்று உண்டு. போர்க்களத்துக்கென்று வடிவமைத்த துப்பாக்கியால் அழுகிய பூசணிக்காயைச் சுடுவதுதான் அது. ஹாலோவீன் என்னும் பேய்ப் பண்டிகை முடிந்த வாரத்தில், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வாசல்தோறும் முகம் செதுக்கிவைத்த பூசணிகள் தொய்ந்து கிடக்கும். அவற்றை அள்ளிக்கொண்டுபோய், யாராவது உறவுக்காரரின் கொல்லை மேட்டில் வரிசையாக நிறுத்திச் சுட்டால்தான் பண்டிகை நிறைவுபெறும்.

வெண்டல் ஹார்ட்சல் இதுநாள்வரை மச்சினன் மெர்ல் வைத்திருந்த துப்பாக்கியை இரவல் வாங்கித்தான் சுட்டுவந்தார். காப்பீட்டு நிறுவனத்தில் அபாயங்களைக் கணக்கிடுவது அவர் உத்தியோகம். ஈரத் தரையோ ஆடும் படிக்கட்டோ அவர் கண்ணுக்குத் தப்பாது. அப்பேர்ப்பட்டவர் சொந்தத் துப்பாக்கி வாங்குவதைக் கத்தரிக்காய் பொறுக்குவதுபோல் நடத்துவாரா? சனிக்கிழமை காலை மனைவி டார்லாவையும் ஏழு வயது மகள் ட்ரூடியையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

கடைக்காரர் ராஸ்கோ, ஜவுளிக்கடையில் பட்டுப்புடவை விரிப்பதுபோல் ஒவ்வொன்றாக எடுத்துப் பரப்பினார்.

"சும்மா பொழுதுபோக்குக்குத்தானே சார்? அப்ப இதைப் பாருங்க. ராணுவத்துல வெச்சிருக்காங்களே, அதுக்குக் கூடப்பொறந்த தம்பி. ஒரே வித்தியாசம், இதுல ஒவ்வொரு குண்டுக்கும் ஒருவாட்டி விசையை அழுத்தணும்."

"விரல் வலிக்காதே?" என்று வெண்டல் கவலைப்பட்டார்.

"பழகிரும் சார். முப்பது குண்டு பிடிக்கிற பெட்டி கூடவே வருது."

"பூசணிக்காய்க்கு எதுக்குங்க முப்பது?" என்றாள் டார்லா. "அது என்ன, திருப்பியா சுடப்போவுது?"

"தேவைங்கிற பேச்சு வேற மேடம், உரிமைங்கிற பேச்சு வேற."

இந்தத் தத்துவத்தோடு டார்லாவின் கேள்வி பைசலானது. அடுத்து, கறுப்பா பாலைவன மண் நிறமா என்ற 'உயர்மட்ட ஆலோசனை' நெடுநேரம் நடந்தது. பென்சில்வேனியாவில் பாலைவனம் கிடையாது என்றாலும் வெண்டலின் தொப்பிக்குப் பொருந்துகிறது என்று மண் நிறமே வென்றது.

கடைக்கு வந்ததில் இன்னொரு காரியமும் இருந்தது. வியாழக்கிழமை ட்ரூடியின் பள்ளியில், துப்பாக்கியோடு எவனாவது நுழைந்தால் ஒளிந்துகொள்வதற்கான பயிற்சி நடந்தது. கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, மூலையில் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்ததில் அவளுக்குத்தான் முதலிடம். அன்றிலிருந்து பிள்ளை வீட்டில் விளக்கை அணைக்க விடுவதில்லை. அவள் தூங்காமல் கிடப்பதை வெண்டல் ராஸ்கோவிடம் சொன்னார்.

"அதுக்கும் சரக்கு இருக்கு சார், இதே மேசையிலதான்" என்று ராஸ்கோ குண்டு துளைக்காத புத்தகப் பைகளை எடுத்துக் காட்டினார். வாத்துப் படம் போட்ட மஞ்சள் பையை ட்ரூடி கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"இதை மாட்டிக்கிட்டா ஒண்ணும் ஆகாதாப்பா?"

"ஒண்ணும் ஆகாது கண்ணு."

அன்று அவள் பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கினாள்.

ஆனால் அபாயம் கணக்கிடுகிறவர் எதையும் சோதிக்காமல் நம்பக்கூடாதல்லவா? ஞாயிற்றுக்கிழமை காலை, மகளுக்குத் தெரியாமல் பையை எடுத்துக்கொண்டு மெர்ல் வீட்டுக்குப் போனார் வெண்டல். பையைப் பெரிய பூசணிக்காய் ஒன்றின்மேல் சாய்த்துவைத்தார். புதுத் துப்பாக்கியால் சுட்டார்.

ஒரே குண்டு. பை, பூசணி, இரண்டையும் கடந்து மேட்டு மண்ணில் போய்ப் புதைந்தது.

"அடேங்கப்பா மச்சான், என்னா குறி! வாத்துக்கு நடு நெத்தியில!" என்று மெர்ல் கைதட்டினான்.

வெண்டல் பையின் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். விரல் மறுபக்கம் வந்தது. தான் வாங்கிய இரண்டு பொருள்களில் ஒன்று சரியில்லை என்பது அவருக்கு உறைத்தது. அங்கிருந்து நேரே கடைக்கு வண்டியை விட்டார்.

"ஏய்யா, எம் பொண்ணு உசுரோட விளையாடுறீங்களா?"

"கோவப்படாதீங்க சார். இது கைத்துப்பாக்கிக்குத்தான் தாங்கும்னு அட்டையிலயே போட்டிருக்கு. நீங்க வாங்கின துப்பாக்கிக்குத் தாங்குற தகடு இருக்கு, ஆனா பாப்பாவால தூக்க முடியாது."

"அப்ப இந்தக் கண்றாவியத் திருப்பி எடுத்துக்க!"

ராஸ்கோ நல்ல வியாபாரி. ஓட்டைப் பையையும் முகம் கோணாமல் எடுத்துக்கொண்டார். அதற்கு ஈடாக இன்னொரு முப்பது குண்டுப் பெட்டி வந்தது. கடமை தவறாத தகப்பன், வழியில் மகளுக்கு வாத்து வடிவத்தில் ஒரு படுக்கை விளக்கும் வாங்கினார்.

ட்ரூடி வாசலிலேயே காத்திருந்தாள். "என் பை எங்கப்பா?"

"அது சரியில்லடா கண்ணு. குண்டு உள்ள பூந்துருச்சு. திருப்பிக் குடுத்துட்டேன்."

"எந்தக் குண்டு?"

"நம்ம துப்பாக்கி குண்டுதான்."

"அப்ப துப்பாக்கிய?"

"அது நல்லாத்தானே இருக்கு?"

ட்ரூடி அவர் தோளில் தொங்கிய துப்பாக்கியைப் பார்த்தாள். விளக்கைக் கையில் வாங்காமல் தன் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தினாள். திரையை இழுத்துவிட்டு, இருந்த விளக்கையும் அணைத்தாள். பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடியே மூலையில் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்துகொண்டாள்.

அந்த வீட்டில் அபாயத்தைச் சரியாகக் கணக்கிடத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.