முகாரி இன்னும் முடியவில்லை

சங்கீதத்தைக் கண்டு பயந்து ஓடியவர்கள் உலகத்தில் நிறையப் பேர் உண்டு. சங்கீதத்தின் மேல் உள்ள பிரியத்தாலேயே சங்கீதத்தைக் கண்டு ஓடியவர், எனக்குத் தெரிந்து, தென்காசிப் பஞ்சு அண்ணாச்சி ஒருவர்தான். அவரோடு சேர்ந்து ஏழு வருஷம் நானும் ஓடினேன். எனக்குச் சங்கீதத்தின் மேல் பிரியமும் கிடையாது, பயமும் கிடையாது. ஓடியதில் கால் வலி மட்டும்தான் மிச்சம்.

ஐம்பதுகளின் கடைசி. நானும் அவரும் ஒரு மரக்கடையில் கடிதப் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மலையாளத்திலிருந்து புளியறை வழியாக லாரியில் மரத்தடிகள் வந்து இறங்கும். பின்கட்டில் அறுவை மில் நாள் முழுக்க அலறும். சாயங்காலம் நாங்களெல்லாம் தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்போம். அண்ணாச்சி மட்டும் அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவர் மாதிரி தெளிவாக இருப்பார். "அறுவை மில்லு உத்தமமான சாமான் வே. அது யாரு பாட்டுலயும் தலையிடாது" என்பார்.

ஆபீஸ் விட்டதும் ரத வீதியில் ஒரு காப்பி கிளப். அங்கே இசைப்பிரியர்கள் நாலைந்து பேர் கூடுவார்கள். அவர்களுக்குள் பேச்சு ஒன்றே ஒன்றுதான்: இப்பம் என்ன கேட்டுக்கிட்டு இருக்கீரு? ஜவுளிக்கடை பாய், கொழும்பு ரேடியோவில் பிடித்த பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு வர்ணிப்பார். டிராயிங் மாஸ்டர், திருச்சியில் கேட்ட வயலினை மேஜைமேல் விரலால் வாசித்தே காட்டிவிடுவார். வாரத்துக்கு வாரம் அவர்கள் கேட்பது மாறும். கடைசியில் அண்ணாச்சியின் முறை வரும்.

"நீங்க என்ன கேக்கீய அண்ணாச்சி?" என்பார் பாய்.

"முகாரி."

"போன வருசமும் முகாரின்னுதானே சொன்னீய?"

"இன்னும் முடியல பாய்."

அண்ணாச்சியின் சட்டம் அது. ஒரு ராகத்தை எடுத்தால் அது முடிகிறவரை இன்னொரு ராகம் காதில் விழக் கூடாது. ராகம் எப்படி முடியும் என்று நான் அவரிடம் கேட்டதில்லை. கேட்டால் விளக்கம் சொல்லிவிடுவாரோ என்று பயம். தோடி முடிய நாலு வருஷம் ஆனதாகச் சொல்வார். நல்லவேளை, அப்போது நான் அந்தக் கடையில் சேரவில்லை.

காலையில் குளித்துவிட்டு வந்து, கிராமபோனில் முகாரி பிளேட்டை ஒரே ஒரு தடவை வைப்பார். மீதி நாளெல்லாம் அது அவருக்கு உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். அப்படி ஓடும்போது வெளியிலிருந்து ஒரு மோகனமோ காம்போதியோ நுழைந்தால், காய்ச்சின பாலில் மோர் விழுந்த மாதிரி எல்லாம் திரிந்துபோகுமாம். அதனால் சட்டைப்பையில் எப்போதும் ஒரு பொடி டப்பா இருக்கும். பொடி போட மாட்டார். டப்பாவுக்குள் உருட்டி வைத்த பஞ்சு.

ஆனால் பஞ்சை வைத்துக்கொண்டே தெருவில் நடக்க முடியுமா? வண்டிக்காரன் கத்துவது கேட்காதே. ஒரு நாள் எதிரே கல்யாண ஊர்வலம், நாதஸ்வரத்தோடு வந்துவிட்டது. அண்ணாச்சி இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு சந்துக்குள் ஓடினார். சைக்கிளில் வந்தவன் அடித்த மணி அவர் காதில் விழவில்லை. நேரே வாறுகால் சாக்கடையில் போய் விழுந்தார். கை கொடுத்துத் தூக்கிவிட்டவன் நான். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்பு அதுதான்.

மறுநாளிலிருந்து, ஆபீஸுக்குப் போகும்போதும் வரும்போதும், பஞ்சு வைக்காமல் அவர் பத்தடி பின்னால் வருவார். நான் பத்தடி முன்னால் நடந்து, எங்கே என்ன பாட்டு கேட்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

"மிட்டாய்க் கடையில ரேடியோ போடுதான் அண்ணாச்சி" என்பேன், திரும்பி வந்து.

"என்ன ராகம் வே?"

"எனக்கு எப்படித் தெரியும்? ஒரு பொம்பளை பாடுதா."

"முகாரியா இருந்தா?"

"முகாரின்னா எப்படி இருக்கும்?"

அண்ணாச்சி என்னை ஏறிட்டுப் பார்ப்பார். பிறகு இருவரும் பின்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போவோம். கால் மைல் வழியை ஒரு மைலாக நடந்தோம். மார்கழி மாசம் ஒவ்வொரு கோயிலிலும் ஒலிபெருக்கி கட்டிவிடுவார்கள். அந்த மாசம் எங்களுக்குத் தென்காசியில் நடக்கத் தெருவே கிடையாது. "மரக்கடை ஆளுவ ரெண்டு பேரும் யாருக்கோ பயந்து ஒளிஞ்சு திரியுதாவ" என்று ஊரில் பேச்சு வந்தது. நான் மறுக்கவில்லை. மறுத்து, உண்மையைச் சொல்லி, அதை அவர்கள் நம்பி... யாருக்கு அவ்வளவு தெம்பு இருக்கிறது?

கோயில் திருவிழா வந்தால் ஊரிலேயே இருக்க மாட்டார். லீவு போட்டுவிட்டுப் புளியறைக்குப் போய், லாரிகள் உறுமுகிற இடத்தில் உட்கார்ந்துகொள்வார். ஒரு தடவை துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அங்கே சாயாக்கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி பஞ்சைக் காதில் திணித்துக்கொண்டு, கண் கலங்க, மலையாளத்துக் கடைக்காரரைக் கும்பிட்டார். வீட்டில் ஏதோ துக்கம் என்று அந்த மனுஷர் நினைத்துவிட்டார். ரேடியோவை அணைத்துவிட்டு, சாயா கொண்டுவந்து வைத்து, அண்ணாச்சியின் முதுகைத் தடவி, "எல்லாம் தெய்வம் நோக்கிக்கொள்ளும்" என்று தேற்றினார். செத்தது யார் என்று என்னிடம் ஜாடையில் கேட்டார். நான் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவருக்குப் புரியவில்லை.

இப்படிப்பட்டவருக்கு முப்பத்தெட்டு வயதாகியும் கல்யாணம் ஆகாததில் அதிசயம் இல்லை. அந்தக் காலத்தில் பெண் பார்க்கப் போனால் பெண்ணைப் பாடச் சொல்வார்கள். பெண் பாட ஆரம்பித்ததும் மாப்பிள்ளை காதில் பஞ்சை அடைத்துக்கொண்டால் எந்த வீட்டில் பெண் கொடுப்பார்கள்? மூன்று இடம் அப்படியே போயிற்று. நாலாவது இடத்தில் பஞ்சு வைக்கவில்லை. கொல்லைப்புறம் வழியாக வெளியே போய்விட்டார்.

அவருக்கு ஒரே ஒரு அக்கா. அவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், புருஷனை இழந்தவர், அவரோடு இருந்து சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஆனி மாசம் ஒரு நாள் அந்த அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, குத்தாலத்துல ஒரு இடம் வந்திருக்கு. ரிட்டயர் ஆன வாத்தியார் மக. முப்பத்தோரு வயசு. செங்கோட்டையில பள்ளிக்கூடத்துல பாட்டு டீச்சரா இருக்கா."

"பாட்டு டீச்சரா?" என்றேன்.

"வேற இடம் வரல தம்பி. எனக்கு நெஞ்சுவலி வந்து வந்து போவுது. அவன்ட்ட சொல்லல. நான் போயிட்டா அவனுக்குச் சோறு போட ஆளு கிடையாது. இது ஒண்ணு நடந்துட்டா நான் நிம்மதியாக் கண்ணை மூடுவேன். நீங்கதான் எப்படியாவது பாத்துக்கிடணும்."

எனக்கும் அதில் ஒரு சுயநலம் இருந்தது. கல்யாணம் ஆகிவிட்டால், முன்னால் நடக்கிற வேலையை வருகிறவளிடம் ஒப்படைத்துவிடலாம்.

பெண் பார்க்கப் போவதற்கு முந்தின நாளே நான் மட்டும் குற்றாலம் போனேன். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. வாத்தியார் குடையோடு வாசலில் நின்றார். நான் சுற்றி வளைக்கவில்லை. சுற்றி வளைத்து நடந்தே அலுத்துப்போனவன் நான்.

"நாளைக்குப் பொண்ணு பாடினா, முகாரி மட்டும் பாடச் சொல்லுங்க ஐயா."

வாத்தியார் குடையை மடக்கினார். "பொண்ணு பாக்க வாற வீட்டுல முகாரியா? யாரு செத்துப்போனது?"

எல்லாரும் என்னிடமே இதைக் கேட்டால் நான் என்ன செய்வேன்?

"அப்பம் பாடவே வேண்டாம்னு சொல்லிருங்க" என்றேன்.

"நாலஞ்சு வீட்டார் வந்து பஜ்ஜி தின்னுட்டுப் போயிட்டாவ தம்பி. அவளுக்குன்னு சொல்லிக்கிட இருக்கது அந்தப் பாட்டு ஒண்ணுதான். அதையும் வேண்டாங்கீங்க." மடக்கின குடையை மறுபடி விரித்தார். "சரி, பாட வேண்டாம்னு சொல்லுதேன்" என்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

மறுநாள் போனோம். பெண் வந்து தட்டை வைத்தாள், நமஸ்காரம் செய்தாள். ஒல்லியாக இருந்தாள். முகத்தில் வெட்கமும் இல்லை, ஆசையும் இல்லை. இன்னும் ஒரு வீட்டார், அவ்வளவுதான் என்ற களைப்பு இருந்தது. அந்தக் களைப்பு எனக்கு நன்றாகத் தெரிந்த சாமான். வாத்தியார் பேச்சை மழை பக்கம் திருப்பினார். நான் மழையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அரை மணி நேரம் மழையைப் பற்றியே பேசினோம்.

வாத்தியாரோடு நான் செய்திருந்த ஏற்பாட்டை அக்காவிடம் சொல்ல மறந்துவிட்டேன். பேச்சு ஒரு நொடி ஓய்ந்ததும் அக்கா வாயைத் திறந்தார்.

"ஏட்டி தாயி, ஒரு பாட்டு பாடேன்."

பெண் அப்பாவைப் பார்த்தாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் பஜ்ஜியைப் பார்த்தேன். அவள் பாட ஆரம்பித்துவிட்டாள். கல்யாணி என்று பிறகு சொன்னார்கள். ஒரு வரி முடியவில்லை, அண்ணாச்சியின் கை சட்டைப்பைக்குப் போயிற்று. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க டப்பாவைத் திறந்தார், இரண்டு காதையும் அடைத்துக்கொண்டார்.

பாட்டு நின்றது. வாத்தியார் எழுந்தார். அக்கா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

"காது வலிக்கா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

அவள் வாய் அசைவதைப் பார்த்து, அண்ணாச்சி ஒரு பஞ்சை மட்டும் எடுத்தார். அவள் மறுபடியும் கேட்டாள். "வலி இல்லம்மா. நான் முகாரி கேட்டுக்கிட்டு இருக்கேன். இன்னும் முடியல. இப்பம் கல்யாணியைக் கேட்டா ரெண்டும் கலந்துரும். உங்க பாட்டுல ஒரு குறையும் இல்ல."

"தம்பி, நீங்க புறப்படலாம்" என்றார் வாத்தியார்.

"அப்பா, இருங்க" என்றாள் பெண். அண்ணாச்சி பக்கம் திரும்பினாள். "எத்தனை நாளா கேக்கீங்க?"

"ரெண்டு வருசமும் மூணு மாசமும்."

"எந்த எடத்துல நிக்குது?"

காப்பி கிளப்பில் எல்லாரும் அவரிடம் என்ன கேக்கீய என்று கேட்டிருக்கிறார்கள். எங்கே நிற்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. அண்ணாச்சி நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"ஏறும்போது ஒரு தைவதம் இருக்கு, தெம்பா இருக்கு. இறங்கும்போது அதே தைவதம் தளந்துபோயிருது. போனவன் ஒருத்தன், வாறவன் வேற ஆளு மாதிரி இருக்கான். மேல அவனுக்கு என்ன ஆச்சு? அதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன். பிடிபடல."

அவள் யோசிக்கக்கூட இல்லை.

"ஒண்ணும் ஆகல. மேல போய்ப் பாத்திருக்கான். அங்கன அவனுக்குன்னு யாரும் இல்ல. திரும்பி வாரான்." கையை மேலிருந்து மெதுவாக இறக்கிக் காட்டினாள். "ஆனா விழுந்து வரல, பாத்துக்கிடுங்க. நிதானமா இறங்கித்தான் வாரான்."

எனக்குத் தைவதமும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. ஆனாலும் அவள் சொன்னது எனக்கே புரிந்தது. வாத்தியார் மறுபடி உட்கார்ந்துவிட்டார். அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். உள்ளே அந்தப் பிளேட்டு ஓடுகிறது என்று தெரிந்துகொண்டேன். பிறகு நிமிர்ந்தார். கண் ஈரமாக இருந்தது.

"முடிஞ்சிட்டு" என்றார்.

இன்னொரு பஞ்சையும் எடுத்துவிட்டு, "ஏதோ பாடிக்கிட்டு இருந்தீங்களே. பாடுங்க" என்றார்.

அவள் பாடினாள். அக்கா அழுதார். பாட்டு முடிந்ததும் வாத்தியார் என் பக்கம் சாய்ந்து, "எனக்கு ஒண்ணும் விளங்கல தம்பி. இப்பம் அவ சரிங்காளா, வேண்டாங்காளா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"சரிங்கா. அவ மொகத்தைப் பாருங்க" என்றார் அக்கா.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. எல்லாக் கல்யாணத்தையும் போல அதிலும் சாப்பாடு இருந்தது, நாதஸ்வரம் இருந்தது. மாப்பிள்ளை முகூர்த்தம் முடிகிறவரை மணையிலேயே இருந்தார் என்பதுதான் விசேஷம். எனக்கு ஞாபகம் இருப்பது பெண் பார்த்த அன்று குற்றாலத்திலிருந்து திரும்பி வந்த பஸ்.

சீசன் கூட்டம். ஈரத் துணியும் எண்ணெயுமாகப் பஸ்ஸே நமத்துப்போயிருந்தது. அக்காவுக்குப் பஸ்ஸின் முன்பக்கத்தில் பெண்கள் சீட்டில் இடம் கிடைத்தது. நானும் அண்ணாச்சியும் பின்னால் உட்கார்ந்தோம். வழியில் ஒரு டீக்கடையில் ரேடியோ பாடியது. பழக்க தோஷத்தில் நான் எட்டிப் பார்த்தேன்.

"விடும் வே. இனிமே நீரு முன்னால நடக்க வேண்டாம்" என்றார்.

ஏழு வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை. கேட்டதும் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இவரோடு பட்ட பாட்டுக்கெல்லாம் பேர் அலுப்பு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

திரும்பிப் பார்த்தபோது அவர் தூங்கிவிட்டார். இரண்டு வருஷமும் மூன்று மாசமும் வேலை பார்த்த களைப்பு. தலை என் தோளில் சாய்ந்திருந்தது, நல்ல கனம். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவர் இப்படித் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

தென்காசி வந்தது. அக்கா எழுந்து திரும்பிப் பார்த்தார். உட்காருங்கள் என்று நான் கை காட்டினேன். கண்டக்டர் வந்து, "தென்காசி வந்துட்டு, எறங்கலையா?" என்றார்.

"இந்தப் பஸ் இதுக்கு மேல எங்கன போவுது?" என்று ரகசியமாகக் கேட்டேன்.

"கடையநல்லூர்."

"கடையநல்லூருக்கு மூணு டிக்கெட் குடுங்க" என்றேன்.