கோழி வேலியும் சேட்டுவின் கையும்

உலகத்திலேயே சிறந்த தடுப்பு சீனாக்காரன் மலை மேல் கட்டியதுதான் என்று இன்னமும் நம்பிக்கொண்டிருப்பவர்கள், கொட்டிவாக்கம் பக்கம் வந்ததில்லை என்று அர்த்தம். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடலைப் பார்க்கத் திரும்பினால், 'சாகர சௌபாக்யா' அடுக்ககத்தின் பின்புற மணலில் அந்த மகத்தான மின்வேலி நிற்கிறது. சீனாக்காரனுக்குப் பல தலைமுறை பிடித்தது. சந்திரமௌலிக்கு இரண்டே கூட்டம், கூட்டத்துக்கு ஒரு தட்டு போண்டா.

சந்திரமௌலி அந்த அடுக்ககச் சங்கத்தின் செயலாளர். மயிலாப்பூரில் பிறந்து, ஒரு வங்கியின் தலைமை அலுவலகத்தில் கோப்புகளை ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு நகர்த்தும் அரும்பணியில் ஓய்வு பெற்று, கடற்காற்றுக்காக இங்கே வந்து சேர்ந்தவர். ஓய்வுக்குப் பிறகு நாட்டுக்கு ஏதாவது செய்தே தீருவது என்று அவருக்கு ஒரு வெறி. நாடு கைக்கு அகப்படவில்லை. அடுக்ககம் அகப்பட்டது.

அவருடைய கனவுத் திட்டத்தின் பெயர் 'இயற்கைக்குத் திரும்புவோம்'. பின்புற மணலில் நாட்டுக்கோழி வளர்த்து, வீட்டுக்கு வீடு கலப்படமில்லாத முட்டை வழங்குவது. அவர் முட்டை தொடமாட்டார். கேக்கில் இருந்தால் மட்டும் அது முட்டை அல்ல என்பது அவர் கொள்கை. மார்கழிக் கச்சேரி ஒன்றையும் விடாத ரசிகர் என்பதால் கோழிகளுக்கு அவரே ராகப் பெயர் சூட்டினார். கல்யாணி, மோகனம், ஆபோகி, ஹம்சத்வனி என்று அவை மணலைக் கிளறிக்கொண்டு திரிந்தன.

கீரியும் பூனையும் சங்கீதம் அறியாதவை. எனவே மின்வேலி வந்தது. இது ஆளைக் கொல்லும் மின்சாரம் அல்ல. 'டிக், டிக்' என்று விட்டுவிட்டு ஓடும், தொட்டவரை ஓர் உதை உதைத்து அனுப்பிவிடும். உதை விழ வேண்டுமானால் தொட்டவரின் கால் வழியாக மின்சாரம் மண்ணில் இறங்கி, மண்ணில் அடித்திருக்கும் எர்த் கம்பி வழியாக இயந்திரத்துக்குத் திரும்ப வேண்டும். அதற்கு மண் ஈரமாக இருக்க வேண்டும். வேலி போட்டவர்கள் அந்தக் கம்பியை, தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிற ஈசானிய மூலையில் அடிக்கப் போனார்கள். வாஸ்து ஆலோசகர் பதறிவிட்டார். ஈசானியத்தில் இரும்பு இறங்கினால் குடும்பம் உருப்படாதாம். சந்திரமௌலி உடனே உத்தரவு போட்டார். கம்பி கன்னி மூலைக்குப் போயிற்று. அங்கே புல்கூட முளைக்காது. அப்படி ஒரு காய்ந்த மணல்.

வேலி நன்றாக அடிக்கிறதா என்று தினமும் சோதிக்க வேண்டுமே! இரண்டாவது மாடி ஹபீபுர் ரஹ்மான், தி.நகரில் தோல் பை கடை வைத்திருப்பவர், கூட்டத்தில் எழுந்து ஒரு யோசனை சொன்னார்.

"சோதிக்கறதுக்குன்னே சின்னதா ஒரு மீட்டர் விக்குது சார். அதை வாங்கிடலாமே."

"மீட்டர் என்னத்துக்கு? சேட்டு இருக்கானே!" என்றார் சந்திரமௌலி. "மீட்டர்னா பேட்டரி மாத்தணும்."

சேட்டு அடுக்ககத்தின் காவலாளி. அடையாற்றங்கரையில் குடிசை போட்டிருந்த குடும்பம். 'அழகுபடுத்தும்' பணிக்காகப் பெரும்பாக்கத்துக்குத் தூக்கி எறியப்பட்ட குடும்பம். அங்கிருந்து பஸ் மாறி மாறி வந்து ராத்திரி பகல் காவல் பார்க்க முடியாமல் திண்டாடியவருக்கு, இந்த வேலையோடு மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் ஓர் அறையும் கிடைத்தது. மனைவி தேவானை அதே அடுக்ககத்தில் பாத்திரம் தேய்த்தாள். வேலை போனால் அறை போகும், அறை போனால் தேவானையின் வேலையும் போகும். இது சேட்டுவுக்குத் தெரியும், சந்திரமௌலிக்கும் தெரியும்.

சங்கம் ஈவு இரக்கம் இல்லாதது அல்ல. வேலியைத் தொடப் போகிறவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? 'பணியாளர் நலன்' என்ற தலைப்பில் தீர்மானம் போட்டு, முழங்கால் வரை வரும் கறுப்பு ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தார்கள். பூட்ஸ் இல்லாமல் வேலி அருகே போகக் கூடாது என்று கண்டிப்பு. சேட்டு ஒவ்வொரு காலையும் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, சாமி கும்பிட்டுவிட்டு, கம்பியைத் தொட்டார்.

"இன்னாப்பா, எப்படி இருக்கு?" என்பார் சந்திரமௌலி, வாக்கிங்கை நிறுத்தி. சேட்டுவிடம் மட்டும் அவர் 'இன்னா' என்பார். மக்களோடு மக்களாகப் பழகுகிறவர்.

"ஒண்ணுமே இல்ல சார். கொசு கடிச்ச மாரி கூட இல்ல."

அந்த வாரமே ஹம்சத்வனியைக் காணவில்லை. அப்புறம் ஆபோகி. சேட்டு கை நிறைய இறகோடு வந்து நின்றார்.

"கீரி சார். நான் கண்ணால பாத்தேன். கம்பிய ஒரசிக்கினே உள்ள பூந்து போவுது. அதுக்குக் கூச்சமே இல்ல சார். வேலி வீக்கா கீது."

விஷயம் பெரிதாகிவிட்டது. 'வேலித் திறன் ஆய்வுத் துணைக்குழு' கூடியது. பொருளாளர் மணிமொழி, யோகாவும் சிறுதானியமும் அறிந்தவர், பிரச்சினையின் ஆணிவேரைப் பிடித்தார்.

"ஃபென்ஸ்ல ப்ராப்ளம் இல்ல சார். அவர் கைலதான் ப்ராப்ளம். கஷ்டமான வேலை செஞ்சு செஞ்சு அவங்க கையெல்லாம் ரஃப் ஆயிடும். சென்சிட்டிவிட்டி இருக்காது. நம்ம மாதிரி சாஃப்ட்டான கை தொட்டாதான் தெரியும்."

குழுவே பாராட்டியது. அப்படியானால் மென்மையான கை ஒன்று வேண்டும். எல்லோரும் தத்தம் கையைப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவருக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர். மணிமொழி முந்தின நாள்தான் பெசன்ட் நகரில் நகத்துக்கு வேலைப்பாடு செய்துகொண்டு வந்திருந்தார். சந்திரமௌலிக்கு அன்று கிருத்திகை. மீட்டர் யோசனை சொன்ன ரஹ்மானை எல்லோரும் பார்த்தார்கள். "எனக்கு சுகர் இருக்கு" என்றார் ரஹ்மான், தரையைப் பார்த்து.

எனவே தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது: வேலி திறனுடன் உள்ளது, கை திறனற்றது. வேலி திறனுடன் இருந்தால் கீரி எப்படி வரும்? வராது. கீரி வரவில்லை என்றால் கோழி எங்கே போயிற்று? வேலிக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது? அடடா, படித்தவர்கள் கூடி யோசித்தால் விஷயம் எத்தனை சுலபமாக விளங்கிவிடுகிறது! இன்னொரு கோழி காணாமல் போனால் சேட்டுவும் போக வேண்டியதுதான் என்று எச்சரித்து அனுப்பினார்கள்.

"சாமி சத்தியமா நான் எடுக்கல சார்" என்றார் சேட்டு. தேவானை வாசலிலேயே அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"யோவ், ஷாக் அடிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயேன்யா. உன் வாயில இன்னா முத்தா உதிர்ந்துடும்?"

"அடிக்கலியே, மே."

இதற்குமேல் அந்த மனுஷனை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்! தலையில் அடித்துக்கொண்டு பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள்.

சந்திரமௌலி நியாயவான். தீர்மானம் போட்ட பிறகாவது உண்மை என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டாமா? வேலிக் கம்பெனிக்குப் போன் செய்தார். கயல் என்ற பெண் எடுத்தாள்.

"மெஷின்ல டிக் டிக்னு சத்தம் வருதா சார்?"

"பேஷா வர்றது."

"கம்பி மேல செடி, துணி எதாவது படுதா?"

சந்திரமௌலி எட்டிப் பார்த்தார். "பெரிசா ஒண்ணும் இல்லை. ஒரு சங்குப்பூக் கொடி. அப்பறம் நாலாவது மாடி மாமியோட போர்வை காயறது."

"ஐயோ, அதெல்லாம் எடுத்துடுங்க சார். ஈரத்துணி வழியாவே கரண்ட் தரையில இறங்கிடும். எர்த் கம்பி எங்க அடிச்சிருக்கீங்க?"

"கன்னி மூலைல" என்றார் பெருமையாக.

"அது ஈரமான இடமா சார்?"

"வெறும் மணல். பாலைவனம்னே வெச்சுக்கோயேன்."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "அதான் சார் காரணம். காஞ்ச மணல்ல கரண்ட் திரும்பாது. ஒரு வாளி தண்ணி கம்பியைச் சுத்தி ஊத்திப் பாருங்க, உடனே தெரியும். ஆமா, இப்ப யார் தொட்டு டெஸ்ட் பண்றாங்க?"

"வாட்ச்மேன். பயப்படாதே, ரப்பர் பூட்ஸ் போட்டுண்டுதான் தொடறான். சங்கத்தோட செலவு."

"பூட்ஸா! சார், ரப்பர் பூட்ஸ் போட்டுட்டு எவ்வளவு பலமான வேலியைத் தொட்டாலும் ஒண்ணும் தெரியாது சார்! வெறுங்கால்ல நின்னு தொடணும்."

சந்திரமௌலி நாலாபுறமும் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி, முதலில் ஒரு புல்லால் தொட்டார். அப்புறம் ஆள்காட்டி விரலால். ஒன்றுமில்லை. வேலி செத்துக் கிடந்தது. சேட்டு தினமும் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை.

இங்கேதான் அவருடைய நிர்வாகத் திறமையை நாம் கைகூப்பி வணங்க வேண்டும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றி வேலி அடிக்க ஆரம்பித்தால், இத்தனை நாள் அடிக்கவில்லை என்று ஆகும். கம்பியைக் கன்னி மூலைக்கு மாற்றியது யார்? பூட்ஸ் வாங்கியது யார்? சங்கத் தேர்தல் வேறு நெருங்கிவிட்டது. உண்மையைக் கண்டுபிடிப்பவன் சாதாரண ஆள். கண்டுபிடித்ததை எங்கே ஒளித்து வைப்பது என்று அறிந்தவனே நிர்வாகி. லாரித் தண்ணீர் விற்கிற விலையில் அதை மணலில் கொட்டுவதாவது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, சந்திரமௌலி செருப்பை மாட்டிக்கொண்டார்.

மோகனமும் போயிற்று.

வேலிக்குத் திருஷ்டி என்று மணிமொழி சொன்னார். தேர்தல் நடக்கிற ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வேலிக்குச் சாந்தி பூஜை என்று ஏற்பாடாயிற்று. பூஜை முடிந்ததும் எல்லோர் முன்னிலையிலும் கடைசிச் சோதனை; அதிலே சேட்டுவின் கதியும் தெரிந்துவிடும். சந்திரமௌலி திட்டம் வைத்திருந்தார். சேட்டு பூட்ஸோடு தொட்டு 'ஒண்ணும் இல்ல' என்பார். உடனே தான் தொட்டு, உதை வாங்கியதுபோல 'ஸ்ஸ்!' என்று கையை உதற வேண்டும். வேலி நிரபராதி, சேட்டு திருடன், தான் வீரன். அந்த 'ஸ்ஸ்' கௌரவமாக இருக்க வேண்டும் என்று குளியலறைக் கண்ணாடி முன்னால் ஒத்திகைகூடப் பார்த்தார். செத்த வேலியைத் தொட யாருக்கு என்ன பயம்?

பூஜைக்கு ஆகாது என்று மாமியின் போர்வையும் சங்குப்பூக் கொடியும் அகற்றப்பட்டன. எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். 'பணியாளர் நலன்' தீர்மானப்படி சேட்டு மட்டும் பூட்ஸோடு நின்றார்.

"வேலிக்கு மூலஸ்தானம் எது?" என்றார் குருக்கள்.

யாரோ எர்த் கம்பியைக் காட்டினார்கள். குருக்கள் மந்திரம் சொல்லிக் கலசத் தண்ணீரை அதன் தலையில் கவிழ்த்தார். அப்புறம் குடம் குடமாக அபிஷேகம். வேலியைச் சுற்றி வந்து காலடியெல்லாம் தெளித்தார்கள். வாளித் தண்ணீருக்குக் கணக்குப் பார்த்த அடுக்ககம், அபிஷேகம் என்றதும் லாரியையே கவிழ்த்துவிட்டது. கன்னி மூலை சேறானது. 'ஸ்ஸ்' ஞாபகத்திலேயே இருந்த சந்திரமௌலிக்கு, அபிஷேகத் தீர்த்தமும் தண்ணீர்தான் என்பது தோன்றவில்லை.

"தொடுப்பா" என்றார் சந்திரமௌலி.

சேட்டு கண்ணை மூடிக்கொண்டு தொட்டார். இந்தத் தடவையாவது அடிக்காதா என்று கம்பியை இறுக்கிப் பிடித்துக்கூடப் பார்த்தார். முகம் தொங்கிவிட்டது.

"ஒண்ணும் இல்ல சார்."

"எல்லாரும் பாத்தேளோல்லியோ?" என்று அங்கவஸ்திரத்தைச் சரி செய்துகொண்டு, வெறுங்காலோடு ஈர மணலில் நடந்து வந்து, சந்திரமௌலி கம்பியைப் பற்றினார்.

ஒத்திகை பார்த்த 'ஸ்ஸ்' வரவில்லை. "அம்மாடீ!" என்று ஒரு அலறல்தான் வந்தது. அடுத்த கணம் அவர் சேற்றில் உட்கார்ந்திருந்தார். அங்கவஸ்திரம் வேலியில் தொங்கியது. கூட்டம் கைதட்டியது.

"ஃபென்ஸ் வொர்க் ஆகுது!" என்று மணிமொழி குதித்தார்.

ரஹ்மான் மட்டும் மெல்லக் கேட்டார்: "அப்போ சேட்டுக்கு ஏன் சார் அடிக்கல?"

சந்திரமௌலி சேட்டுவின் பூட்ஸைப் பார்த்தார். பதில் அங்கே, கறுப்பாக, முழங்கால் உயரத்துக்கு நின்றது. தேவானை கும்பிட்ட கையோடு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை போதும்.

"அதைத்தான் நானும் கேக்கறேன்" என்றார் சந்திரமௌலி.

சாவியையும் பூட்ஸையும் ஒப்படைக்கச் சொன்னார்கள். சங்கத்துச் சொத்து அல்லவா! சேட்டு பூட்ஸைக் கழற்றி, ஒட்டியிருந்த சேற்றைத் துண்டால் துடைத்து, ஜோடியாக வைத்தார். போகிற போக்கில், தினமும் செய்கிற பழக்கமோ என்னவோ, ஈர மணலில் வெறுங்காலோடு நின்று கம்பியை இன்னொரு தடவை தொட்டார்.

முழங்கைவரை ஓர் உதை. சேட்டு துள்ளி விழுந்து எழுந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"சார்! கீது சார்! இப்ப நல்லா அடிக்குது சார்! ஏ தேவானை, வேலி வேல செய்யுது மே!" கையை உதறிக்கொண்டே சிரித்தார். இனி கோழி போகாது, தானும் போக வேண்டாம் என்று நினைத்துவிட்டார், பாவம்.

"பாத்தீங்களா?" என்றார் மணிமொழி. "அவரே ஒத்துக்கிட்டார்."

சேட்டுவை நீக்கும் தீர்மானம் நிறைவேறியது. ரஹ்மான் மிகுந்த மனவேதனையுடன் நடுநிலை வகித்தார். சந்திரமௌலி போட்டியின்றிச் செயலாளர் ஆனார். மோட்டார் ரூம் பக்கத்து அறையிலிருந்து பாயும் பாத்திரமும் ஷேர் ஆட்டோவில் பெரும்பாக்கம் போயின. கொட்டிவாக்கத்து வெயிலில் மணல் மறுபடி காய்ந்தது. கல்யாணியின் இறகு மட்டும் கம்பியடியில் கிடந்தது.

புதிய காவலாளி கபாலி விவரமானவர். அதே பூட்ஸை மாட்டிக்கொண்டு, கம்பியைத் தொட்டு, செயலாளரின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஐயையோ, தூக்கி அடிக்குது சார்!" என்று கத்தினார். பூட்ஸ் போட்டால் அடிக்காது என்று அறிந்த ஒரே மனிதரான சந்திரமௌலி, அகமகிழ்ந்து அவரைத் தட்டிக்கொடுத்தார். அன்றே வேலை நிரந்தரம்.

அந்த மாபெரும் வேலி இன்றும் டிக் டிக் என்று நின்றுகொண்டிருக்கிறது. உள்ளே காப்பாற்ற ஒரு கோழியும் இல்லை. கீரி வருகிறது, பூனை வருகிறது, சந்திரமௌலி தினமும் வாக்கிங் வருகிறார். அந்த வேலி இதுவரை உள்ளே வரவிடாமல் நிறுத்தி வைத்திருப்பது சேட்டு ஒருவரைத்தான்.