அப்ளிகேஷன் அக்காவின் நேர்காணல்

இந்த மாநிலத்தில் உதவித்தொகை என்று எது இருந்தாலும் அதற்கு அப்ளிகேஷன் அக்கா மனுப் போட்டிருப்பாள். தகுதி இருக்கிறதா என்று பார்ப்பது கொடுப்பவர்கள் வேலை என்பது அவள் கட்சி. மீனவர் பிள்ளைகளுக்கான உதவிக்கும் மனுப் போட்டாள். உங்கள் ஊரில் கடல் எங்கே இருக்கிறது என்று அதிகாரி கேட்டதற்கு, "ஏரி இருக்குதுங்க சார்" என்றாளாம்.

திண்டிவனத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியர் பயிற்சி படித்தபோது விடுதியில் என் அறைத்தோழி அவள். மூன்று வருடம் ஜவுளிக்கடையில் நின்றுவிட்டுப் படிக்க வந்ததால் எல்லோருக்கும் அக்கா. எங்கள் சாதிச் சான்று, வருமானச் சான்று நகல்கள் எல்லாம் அவள் தலையணைக்கு அடியில்தான் இருக்கும். தலையணை உயர்ந்து உயர்ந்து அவளுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்துக்கொண்டே, யாருக்கு எந்த மனுவுக்கு என்றைக்குக் கடைசி நாள் என்று ஒப்பிப்பாள்.

முதல் வருடம் முடிந்ததும் நான் பெட்டி கட்டினேன். அப்பா கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கும் கூலியாள். எனக்கு வரவேண்டிய அரசு உதவித்தொகை, வங்கிக் கணக்கில் என் பெயர் ஓர் எழுத்து மாறியிருந்ததால் திரும்பிப் போய்விட்டது. அடுத்த வருடக் கட்டணத்துக்கு வழியில்லை. அக்கா பெட்டியிலிருந்த துணிகளை வெளியே அள்ளிப் போட்டுவிட்டு ஒரு படிவத்தை நீட்டினாள். விழுப்புரத்தில் ஓர் அறக்கட்டளை, எங்களைப் போன்ற மாணவி ஒருத்திக்கு மட்டும் கட்டணம் முழுவதையும் கட்டுகிறதாம்.

ஏன் ஆசிரியர் ஆக விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு நான் 'தொண்டு' என்று ஆரம்பித்தேன்.

"தொண்டுன்னு எழுதினா துண்டு போத்தி அனுப்பிடுவாங்கடி. மாசாமாசம் சம்பளம் வேணும், சின்னப் பசங்கள புடிக்கும்னு எழுது" என்றாள்.

அவளும் மனுப் போட்டாள். நேர்காணலுக்கு இருவரும் ஒரே பஸ்ஸில் போனோம். உள்ளே மூன்று பெரியவர்கள். முதல் கேள்விக்கே எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கதவுக்கு வெளியே காதை வைத்திருந்த அக்கா பொறுக்கமாட்டாமல் உள்ளே வந்துவிட்டாள்.

"பயிற்சிக்குப் போன பள்ளிக்கூடத்துல ஒரு கொழந்தை நாள் பூரா அழுதுக்கினே இருந்திச்சிங்க. இவ அதுக்கு முன்னாடி ஒக்காந்து இன்னும் சத்தமா அழுதா. அது பயந்துபோய் சிரிச்சிடுச்சி. இவ டீச்சராகலன்னா வேற யாருங்க ஆவறது?"

அதோடு விடவில்லை. என் அப்பாவின் முதுகுவலி, வங்கியில் மாறிய எழுத்து என்று அரைமணி நேரம் பேசினாள். கடைசியில் நடுவில் இருந்தவர், நீ யாரம்மா என்று கேட்டார்.

"அடுத்த பேருங்க."

"அப்ப உனக்கு?"

அக்கா என்னை ஒரு முறை பார்த்தாள். "ஏற்கெனவே நேரமாய்டுச்சிங்க. இவளுக்கே குடுத்துடுங்க."

வெளியே வந்து நான் திட்டினேன், அழுதேன். "உனக்குக் கேட்டுக்கினே இருந்ததுல எனக்குக் கேக்க மறந்துட்டேன்டி. பேஜாரா பூட்சி" என்று சொல்லிவிட்டு போண்டா வாங்கப் போனாள்.

எனக்குக் கிடைத்தது. அவள், தன் கட்டணத்தைத் தவணையில் கட்ட அனுமதி கேட்டு எங்கள் பயிற்சி நிறுவன முதல்வருக்கு எட்டுப் பக்க மனு எழுதினாள். இரண்டாம் பக்கத்திலேயே அவர் களைத்துப்போய்க் கையெழுத்திட்டார். ஞாயிறுதோறும் பழைய ஜவுளிக்கடையில் சேலை மடித்துத் தவணைகளை அடைத்தாள்.

இப்போது அக்கா வளவனூர் பக்கம் ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர். காலையில் ஒன்பது மணிக்கு என் வகுப்பில் வருகைப் பதிவை எடுக்கும்போது, அவள் வகுப்புப் பிள்ளைகளை நினைத்துக்கொள்வேன். அவர்கள்மேல் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கும்.