எல்லாத்தையும் சொல்லிட்டேனே

செய்முறை கொடுப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. தெருவுக்குக் குறைந்தது இரண்டு பேர். அந்த இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. கேட்டால் கையை விரிக்கிற கஞ்சர்களோடு இவர்களைச் சேர்த்துவிடாதீர்கள். இவர்கள் கொடுப்பார்கள். உட்காரவைத்து, காப்பி கொடுத்து, பேனாவும் கொடுத்து, "எழுதிக்கோ, அப்புறம் மறந்துடுவே" என்று அதட்டி, மாவு இத்தனை, முட்டை இத்தனை என்று வரிசையாகச் சொல்லி, நீங்கள் நன்றியோடு படி இறங்கும்வரை நின்று கையசைப்பார்கள். ஒன்றே ஒன்றை மட்டும் விழுங்கிவிடுவார்கள்.

பொய் சொன்னார்களா? சேச்சே. 'தேவையான அளவு' என்பது பொய்யா? 'பதம் வந்ததும் இறக்கிடு' என்பது பொய்யா? எந்தப் பதம் என்று கேட்டால், அது பார்த்தாலே தெரியும் என்பார்கள். தெரிந்தால் நாம் ஏன் அங்கே போய் நிற்கிறோம்?

எங்கள் மாடியில் ஒரு தையல்கார அக்கா இருக்கிறார். கழுத்தில் எப்போதும் டேப். என் சட்டைக் கையில் கால் அங்குலம் கூடிவிட்டதென்று, நானே பரவாயில்லை என்ற பிறகும், பிரித்துத் தைத்தவர். அடுப்படிக்குள் நுழைந்துவிட்டால் அவருக்கு எல்லாமே கண்ணளவுதான்.

அவர் சுடும் கேக் வாயில் வைத்தால் கரையும். கீழ் வீட்டு நர்ஸ் அதன் செய்முறையைக் கேட்டுப் போனது சும்மா இல்லை. பெரியவர்களை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டவர். இரண்டு வருஷமாக ஒரு வார்த்தை பேசாத மாமியார், மகன் கெஞ்சிக் கூத்தாடியதில், ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாக வருகிறார். கேக் என்றால் அந்த அம்மாவுக்கு உயிராம்.

ஞாயிறும் வந்தது. கேக்கும் வெந்தது. எழும்பத்தான் இல்லை. தட்டில் வைத்தபோது 'டொக்'கென்று சத்தம் கேட்டது. நாற்காலி இரவல் கொடுக்கப் போன நான் சாட்சி. சொல்லிவைத்தாற்போல அக்கா தன் கேக்கோடு இறங்கி வந்தார். "எல்லாத்தையும் சொல்லிட்டேனே, எங்க கோட்டை விட்டே?" என்று உருகினார். இதற்கெல்லாம் கைராசி வேண்டும் என்று மாமியாரிடம் தணிந்த குரலில் விளக்கினார். நர்ஸ் தலையைத் தூக்கவே இல்லை.

மாமியார் இரண்டையும் தின்று பார்த்தார், அவசரமே இல்லாமல். பிறகு மருமகள் பக்கம் திரும்பினார். இரண்டு வருஷத்தில் முதல் பேச்சு.

"தயிர் ஊத்தலையாம்மா?"

"தயிரா? அக்கா சொல்லவே இல்லையே அத்தை."

"சொல்லமாட்டாங்க. நானும் சொன்னதில்ல. என் ஓரகத்தி பதினஞ்சு வருஷமா தயிர் இல்லாமதான் சுட்டுக்கிட்டிருக்கா."

அக்காவுக்குச் சட்டென்று மாடியில் அடுப்பில் வைத்த பால் ஞாபகம் வந்துவிட்டது.

மாமியார் எழுந்து புடவையைச் செருகிக்கொண்டார். "வா, மறுபடி கலக்கலாம்," என்றவர், என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அந்தக் கதவைச் சாத்திக்கோ" என்றார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் உங்களிடமும் ஒருவர் செய்முறை கேட்டு எழுதிப் போனாரே. நாலு நாள் கழித்து வந்து, "என்ன பண்ணியும் உங்க ருசி வரலைங்க" என்று முகத்தைத் தொங்கப் போட்டாரே. நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள், அப்போது உங்களுக்கு வருத்தமாகவா இருந்தது?