எதுக்கும் ஒரு திருகு

டப்பாவை மூடிவிட்டு நகர்ந்து போகிறவர்கள் ஒரு ரகம். மூடிய டப்பாவை இன்னொரு தடவை திருகிவிட்டுப் போகிறவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்தாரைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை, அவர்கள் பாட்டுக்கு வாழ்ந்துவிட்டுப் போகிறார்கள். நான் சொல்ல வந்தது இரண்டாவது ரகத்தை. இவர்களுக்கு ‘எதுக்கும் ஆசாமி’ என்று பெயர் வைத்திருக்கிறேன். ஏனென்றால், எந்த அழிச்சாட்டியத்தையும் இவர்கள் அந்த ஒரு சொல்லோடுதான் ஆரம்பிப்பார்கள். எதுக்கும் ஒரு தடவை பார்த்துடலாம். எதுக்கும் ஒரு போன் போட்டுடலாம். எதுக்கும் ஒரு திருகு.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். ஒரு வீட்டில் மனைவி காப்பித்தூள் டப்பாவைத் திறக்க முடியாமல் சுவரில் தட்டிக்கொண்டிருந்தால், அதைக் கடைசியாக மூடியவர் இவர். குளியலறைக் குழாய் நாளெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தால், அதைப் ‘பத்திரமாக’ மூடியவரும் இவர்தான். உள்ளே இருக்கும் வாஷர் நசுங்கிச் சாகும்வரை மூடி, சொட்ட ஆரம்பித்ததும் இன்னும் அழுத்தி மூடி, கடைசியில் இப்போதெல்லாம் சரக்கே சரியில்லை என்று குழாய் செய்தவனைத் திட்டிக்கொண்டிருப்பார். மூக்குக்கண்ணாடியின் குட்டித் திருகாணியைக்கூட விட்டுவைக்க மாட்டார். அதனால்தான் அதன் ஒரு கம்பி எப்போதும் நூலில் கட்டியிருக்கும். வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டில் தொங்கிப் பார்ப்பார். பூட்டு தாங்கிவிடும். நாதாங்கி என்ன பாவம் செய்தது?

இவ்வளவு விவரமாக எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் அக்காவைக் கட்டிக்கொண்டவர் இந்த இனத்தின் தலைமகன்.

அத்தான் திருகுவது சாமான்களை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய மகளுக்கு வேலை கிடைத்து, என்றைக்கு வந்து சேர வேண்டும் என்றும் சொல்லியாகிவிட்டது. இவர் அந்த அலுவலக மேலாளரைக் கூப்பிட்டு, எதுக்கும் ஒரு தடவை உறுதிப்படுத்திக்கொள்ளலாம் என்றுதான் பேசுவதாகச் சொன்னார். மேலாளர் உறுதிப்படுத்தினார். மறுநாளும் கூப்பிட்டார். அதற்கு மறுநாளும் கூப்பிட்டபோது, இந்தப் பெண்ணிடம் ஏதோ கோளாறு இருக்கிறது, இல்லாவிட்டால் அப்பன் ஏன் இப்படிப் பயப்படுகிறான் என்று மேலாளருக்கே தோன்றிவிட்டது. வேலை போயிற்று. அவள் வேறு ஊரில் வேறு வேலை தேடிக்கொண்டு போனாள். போன இடத்திலும் சாப்பிட்டாயா, கதவைப் பூட்டினாயா, பூட்டியதை இழுத்துப் பார்த்தாயா என்று வேளைக்கு ஒரு போன். இப்போது அவர் எண்ணைக் கண்டால் அவள் எடுப்பதே இல்லை. பாசமில்லாத பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

மகள் போன பிறகுதான் அக்கா வீட்டின் பின்புறம் அந்த மீன் தொட்டியை வைத்தாள். மீனும் கீரையும் சேர்ந்து வளரும் ஏற்பாடு அது. தொட்டித் தண்ணீர் தொட்டியின் பக்கச் சுவரில் போட்ட துளை வழியாகக் குழாயில் இறங்கி, சரளைக்கல் பரப்பிய தட்டில் இருக்கும் கீரைக்கு உரமாகி, தெளிந்த பிறகு மோட்டார் அதைத் தொட்டிக்கே திருப்பி அனுப்பும். துளை இருப்பதோ தொட்டியின் அடியிலிருந்து நாலே விரல் உயரத்தில். அது ஒழுகினால் மேலே உள்ள தண்ணீர் அத்தனையும் தரைக்கு.

அக்கா நிதானமாகச் செய்தாள். துளையை வட்டமாக அறுத்து, உப்புத்தாளால் பிசிறு தேய்த்து, ரப்பர் வாஷரைத் தண்ணீர்ப் பக்கம் வைத்து, குழாயைத் தொட்டியோடு இணைக்கும் பிளாஸ்டிக் கனெக்டரின் நட்டைக் கையாலேயே முடுக்கி, ஸ்பானரால் கால் சுற்று மட்டும் கொடுத்து நிறுத்தினாள். நிறுத்துவதுதான் அதில் கஷ்டமான வேலை. அத்தானுக்கு ஆயுசுக்கும் வராத வேலை. பிறகு குழாயைச் சுற்றிக் காகிதத்தைக் கட்டி, அது காய்ந்தபடியே இருக்கிறதா என்று நாள் கணக்கில் பார்த்துவிட்டுத்தான் மீனை விட்டாள். அந்த வீட்டில் அவர் கை படாத சாமான் இந்தத் தொட்டி ஒன்றாவது இருக்க வேண்டும், அவளுக்கு வேறு ஆசையே இல்லை.

ஒரு நாள் காலை அக்கா பல் பிடுங்கிக்கொள்ளக் கிளம்பினாள். வாசலில் செருப்பை மாட்டும்போது, தொட்டிப் பக்கம் போகாதீங்க, அது நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனாள். இந்த மாதிரி ஆளிடம் ஒன்றை நல்லா இருக்கு என்று சொல்லலாமா?

மீதியை அவரே என்னிடம் பெருமையாக விவரித்தார். போய்க் குனிந்து குழாயைச் சுற்றித் தடவியிருக்கிறார். காய்ந்திருந்தது. விரலை முகர்ந்து பார்த்தார். வாசனையும் இல்லை. இப்படிச் சுத்தமாகக் காய்ந்து கிடந்தால் நீங்களும் நானும் என்ன செய்வோம், போய்ச் சாப்பிடுவோம். அவருக்கு அதுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. ஸ்பானரை எடுத்து வந்து ஒரு திருகு திருகினார். வாஷர் நசுங்கிப் பக்கவாட்டில் பிதுங்கி ஒரு சொட்டு விழுந்தது. ஆதாரம் கிடைத்துவிட்டது! அப்பவே நினைச்சேன் என்று மீன்களிடம் சொல்லிவிட்டு இன்னொன்று திருகினார். சொட்டு, கோடாக ஒழுகியது. மூன்றாவது திருகில் நட்டு டக்கென்று பிளந்தது. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியாவது ஊதியதோடு விட்டான்.

எனக்குப் போன் வந்தது. நம்பரை மூக்கால் அழுத்தினாரோ என்னவோ, குரல் தரையிலிருந்து வந்தது. “தம்பி, ஒண்ணும் அவசரமில்ல. எதுக்கும் ரெண்டு வாளி எடுத்துட்டு வா.”

போய்ப் பார்த்தால், கணுக்கால் தண்ணீரில் உட்கார்ந்து தொட்டியைக் கட்டிப்பிடித்தபடி இரண்டு உள்ளங்கையாலும் துளையைப் பொத்திக்கொண்டிருக்கிறார். விரலிடுக்கு அத்தனையிலும் தண்ணீர் பீச்சியடிக்கிறது. மீன்கள் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாகத் துடிக்கின்றன. நான் வாளியில் அள்ளிக்கொண்டிருக்கும்போதே அக்கா வந்துவிட்டாள். வாயில் பஞ்சு, வீங்கிய கன்னம். திட்டக்கூட முடியாத நேரம் பார்த்துச் செய்திருக்கிறார் மனிதர். அவள் புடவையைச் செருகிக்கொண்டு என்னோடு சேர்ந்து அள்ளினாள். கடைசி மீனும் வாளிக்குப் போன பிறகு பஞ்சை எடுத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

“கையை எடுங்க.”

“எடுத்தா எல்லாம் போயிடும்.”

“எல்லாம் போயாச்சு. கையை எடுங்க.”

சாயங்காலத்துக்குள் பல மீன்கள் மல்லாந்துவிட்டன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் காகிதத்தில் வைத்தாள். எனக்கு அன்றைக்கு அத்தான்மேல் வந்த ஆத்திரம் இன்னும் தணியவில்லை. அவரோ தலையைத் துவட்டிக்கொண்டே, நல்ல வேளையாக இன்றைக்குப் பார்த்தேன், பார்க்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என்னிடமே கேட்டார். இதற்கு என்ன பதில் சொல்வது? உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

தொட்டி இப்போது என் வீட்டில் இருக்கிறது. புதுக் கனெக்டர், புது வாஷர், அக்காவே பொருத்தியது. தினமும் காலையில் வந்து மீனுக்குத் தீனி போட்டுவிட்டு, திரும்பிப் போக மனமில்லாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறாள். தொட்டியைப் பார்க்கவும் நிறையப் பேர் வருகிறார்கள். எல்லோருக்கும் இந்தக் கதையைச் சொல்கிறேன். விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சிரித்த கையோடு அந்த நட்டின் பக்கம் குனிகிறார்கள். லேசாக ஈரம் மாதிரி இல்லை என்று கேட்கிறார்கள். கேட்கும்போதே விரல் போய்விடுகிறது. தள்ளி நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டுப் போனவள் இதுவரை ஒருத்திதான். விடுமுறைக்கு வந்து என் வீட்டில் தங்கிய அக்கா மகள்.

நீங்களும் ஒரு நாள் வாருங்கள். மீனைப் பாருங்கள், கீரை பறித்துக்கொண்டு போங்கள். ஸ்பானரை மட்டும் ஒளித்து வைத்திருக்கிறேன். உங்கள்மேல் சந்தேகப்பட்டு அல்ல, நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்று எனக்குத் தெரியும். சும்மா, எதுக்கும்.