ஏழாம் எண் இயந்திரத்தின் இருபது நிமிடம்

மனிதனின் நுரையீரலுக்காக இரவு பகலாகக் கவலைப்படும் இடம் உலகத்தில் ஒன்று உண்டென்றால், அது ஆஸ்பத்திரி அல்ல. சீனாவின் ஷென்ஜென் நகரத்துச் சாஜிங் பகுதியில் நான் அட்டைப்பெட்டி சுமக்கும் மின் சிகரெட் தொழிற்சாலையின் மூன்றாம் மாடிதான். இதை நான் சும்மா சொல்லவில்லை. திங்கட்கிழமைதோறும் எங்களை வரிசையில் நிறுத்தி வைத்துக் கவலைப்படுகிறார்கள்.

கவலைப்படும் பொறுப்பு பாதுகாப்பு அதிகாரி ஓயாங்குடையது. ஒரு மின் சிகரெட்டைப் பிளந்து, அறுவை மருத்துவர் மாதிரி உள்ளுறுப்புகளைத் தூக்கிக் காட்டுவார்.

"இது பேட்டரி. இது இழுப்பை உணருற சின்ன சுவிட்சு. நீ வாயில வச்சு இழுத்ததும் அதுக்குத் தெரிஞ்சுடும். உடனே பேட்டரி இந்தக் கம்பிச் சுருளைச் சூடாக்கும். சுருளை ஒட்டிப் பஞ்சு. பஞ்சுல நிகோடின் கலந்த திரவம். சூடு பட்டா அது ஆவியாகும். ஆக, வெளிய வர்றது புகையா?"

"இல்லை! ஆவி!" என்று நாற்பது பேரும் முழங்குவோம். முழங்காதவர்களின் பெயர் குறிக்கப்படும்.

பிறகு துண்டுச்சீட்டு வாசிப்பு. பெட்டிக்குள் வைத்து அனுப்பும் அந்தச் சீட்டைப் போலக் கருணை ததும்பும் இலக்கியத்தை நான் கண்டதில்லை. வெயிலில் வைக்காதீர். தலையணை மேல் வைத்துச் சார்ஜ் ஏற்றாதீர். உடன் வந்த வயரைத் தவிர வேறு வயரைச் செருகாதீர். திரவம் தோலில் பட்டால் உடனே கழுவுக. குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைக்க. கருகல் வாடை வந்தால் பஞ்சு காய்ந்துவிட்டது, மேற்கொண்டு இழுக்காதீர். தலை சுற்றினால் நிறுத்துக. சிகரெட் பழக்கமே இல்லாதவர் இதைத் தொடங்கவே கூடாது.

ஒரு திங்கட்கிழமை, கடைசி வரி முடிந்ததும் தெங் யின்லான் கை தூக்கினாள். யின்லான் குய்சோ மாகாணத்துக்காரி, முப்பத்தெட்டு வயது, இழுப்புச் சோதனை மேசை அவளுடையது. ஒவ்வொரு மின் சிகரெட்டின் வாயிலும் புது ரப்பர் மூடியை மாட்டி, ஒரு இழுப்பு இழுத்து, விளக்கு எரிகிறதா, ஆவி வருகிறதா என்று பார்த்துத் தட்டில் அடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூவாயிரத்து இருநூறு இழுப்பு.

"சார், நான் பொறந்ததுலேருந்து ஒரு சிகரெட் தொட்டதில்ல. நான் தொடங்கலாமா, கூடாதா?"

"நீ எங்கம்மா தொடங்குன? நீ சோதிக்கிற."

"தலை சுத்தினா நிறுத்தச் சொல்லுதே சீட்டு. எனக்குக் காலைல பத்து மணிக்கே சுத்துது சார்."

"சீட்டு யாருக்கு? வாங்கிக் குடிக்கிறவனுக்கு. நீ வாங்குனியா?"

"இல்ல."

"அப்புறம் என்னத்துக்கு அவன் தலை சுத்தலை நீ எடுத்துக்கிற?"

நியாயம்தானே. வாடிக்கையாளருக்குச் சொந்தமான தலைசுற்றலை ஒரு தொழிலாளி அனுமதியின்றிப் பயன்படுத்துவது ஒழுங்கீனம்.

ஆனால் யின்லானுக்கு உண்மையாகவே முடியவில்லை. நெஞ்சு படபடக்கும். மதியச் சாப்பாட்டில் ஊரிலிருந்து வந்த மிளகாய் விழுதைக் கரண்டி கரண்டியாகப் போட்டுக்கொண்டு, "பாங் அண்ணே, இது காரமா இருக்கா பாரு" என்று என் பக்கம் நீட்டுவாள். எனக்குக் கண்ணில் நீர் வழியும். "எனக்கு மாம்பழமாத்தான் இருக்கு" என்பாள். அன்றைய உற்பத்தி மாம்பழ வாசனை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இருபது நிமிடம் ஓய்வு. மூன்று முறை மனுப் போட்டாள். மூன்று முறையும் "பரிசீலிக்கப்பட்டது" என்று முத்திரை குத்தித் திருப்பினார்கள். பரிசீலித்ததை மறைக்காமல் சொல்லும் நேர்மை வேறு எங்கே கிடைக்கும்?

அப்போதுதான் ஆறு சோதனை இயந்திரங்கள் வந்து இறங்கின. ஒவ்வொன்றுக்கும் பத்து ரப்பர் உதடு. சுமந்து மேலே ஏற்றியது நான். முதல் நாளே, இரண்டாயிரம் இழுப்பு முடிந்ததும், ஆறும் ஒன்றாக விளக்கை அணைத்துக்கொண்டு படுத்துவிட்டன. பொறியாளர் ஓடி வந்து குழாய்களைக் கழுவினார், வடிகட்டிகளை மாற்றினார், விசிறி வைத்தார். அந்த நேரத்தில் உற்பத்தி நிற்கக்கூடாது அல்லவா? ஆகவே இயந்திரங்களின் பங்கையும் யின்லானே இழுத்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. இயந்திரத்தின் விலாவில் ஒட்டியிருந்த தாளை விரல் வைத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தேன். நாற்பத்தொரு வயதில் எழுத்துப் படிக்க உட்கார்ந்தவன் நான். ஒரு பத்திக்கு ஒரு மதியம் போயிற்று.

"யின்லான், கேளு. 'ஒவ்வொரு இரண்டாயிரம் இழுப்புக்கும் இருபது நிமிட ஓய்வு கட்டாயம். நிகோடின் படிவதால் உட்பாகங்கள் சேதமடையும்.'"

"உட்பாகமா? எனக்கும் இருக்கே அண்ணே."

"உனக்குத் தாள் ஒட்டலியே."

கேலிக்காகத்தான் சொன்னேன். அவள் இழுப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். நேராக ஓயாங்கின் மேசைக்குப் போனாள்.

"சார், என்னை இயந்திரமாப் பதிஞ்சுக்குங்க."

"என்னம்மா, தலைக்கு ஏறிடுச்சா?"

"பத்து மணிக்கே ஏறிடுச்சு. ஆறு இயந்திரம் இருக்கு. நான் ஏழு. நெஞ்சுல ஒரு எண் வில்லை ஒட்டுங்க, போதும்."

ஓயாங் சிரிக்க வாயைத் திறந்தார், அப்படியே மூடிக்கொண்டார். அடுத்த வாரம் இங்கிலாந்திலிருந்து சரக்கு வாங்குபவரின் தணிக்கையாளர் வருகிறார். அவர்கள் அனுப்பிய கேள்விப் பட்டியலில் முதல் கேள்வி: "சோதனைக்கு மனிதர்களைப் பயன்படுத்துகிறீர்களா?" ஒரு மாதமாக ஓயாங்கின் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி அது. ஒரே வில்லையில் கேள்வியும் தீரும், யின்லானின் மனுவும் தீரும். இதற்குத்தான் நிர்வாகத் திறமை என்று பெயர்.

மறுநாள் அவள் மேலங்கியில் பித்தளை வில்லை ஏறியது: "வாய்வழிச் சோதனை அலகு, எண் 7." இரண்டாயிரம் இழுப்பு முடிந்ததும் எழுந்துபோய் என் அட்டைப்பெட்டிகளின் மேல் படுத்தாள். பொறியாளர் விதிப்படி விசிறியைத் திருப்பி வைத்து, தலைமாட்டில் "பராமரிப்பில் உள்ளது" என்ற பலகையை மாட்டினார். மூன்றாம் மாடி முழுக்கச் சிரிப்பு.

"ஏழாம் எண்ணுக்கு எண்ணெய் போடலாமா?" என்றான் ஒருவன்.

"போடு, சோத்துல போடு" என்றாள் கண்ணைத் திறக்காமல். அந்த வாரக் கடைசியில் மிளகாய் விழுது அவளுக்குக் கொஞ்சம் காரமாகவே இருந்தது.

தணிக்கையாளர் வந்தார். நல்ல மனிதர், எல்லாவற்றையும் எண்ணினார். ஏழாம் எண்ணின் முன் நின்றார். அது அப்போது குடுவையைத் திறந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தது.

"இதென்ன?" என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்.

"குளிரூட்டும் ஏற்பாடு" என்றார் ஓயாங்.

"ஆவி பறக்கிறதே?"

"நம்ம ஊர் தொழில்நுட்பம் சார்."

தணிக்கையாளர் பொறியாளரின் பராமரிப்பு ஏட்டைப் புரட்டினார். நாள்தோறும் கையெழுத்து, நேரம், எல்லாம் சரி. தலையாட்டிக்கொண்டே சான்றிதழில் எழுதினார்: "சோதனை இயந்திரங்கள்: ஏழு. மனிதர்கள்: எவரும் இல்லை." ஏழாம் எண் எழுந்து நின்று அவருக்கு நன்றி சொன்னது. அவரும் அதன் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிய அன்று, திரவம் நிரப்புகிறவர்கள், பஞ்சு திணிக்கிறவர்கள், பற்றவைக்கிறவர்கள், பெட்டி சுமக்கிற நான், மொத்தம் முப்பத்தொன்பது பேர் ஓயாங்கின் மேசை முன் வரிசையில் நின்றோம்.

"என்னடா?"

"எங்களுக்கும் ஒரு வில்லை சார்."

அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த பரிவை நான் மறக்க மாட்டேன்.

"ஒண்ணை வச்சுப் பராமரிக்கவே முழி பிதுங்குது. இயந்திரம் கெட்டா கம்பெனி காசுல பழுது பாக்கணும்டா. நீங்க மனுஷங்களாவே இருங்க. அதுதான் கட்டுப்படியாகும்."