ஜேசுதாசனின் கொல்லத்து மலையாளம்

"பருத்திக்கு மலையாளத்துல என்ன அண்ணாச்சி?" என்று பேக்டரியில் பஞ்சு பொறுக்கும் சுடலைமாடத்தி கேட்டபோது, ஜேசுதாசனிடம் இருந்த மலையாளம் முழுவதும் தீர்ந்துபோய் அரைமணி நேரம் ஆகியிருந்தது.

நாளைக்குச் சொல்வதாக மழுப்பிவிட்டு வந்தார்.

ராஜபாளையத்தில் சுப்புராஜ் நடத்திய ஜின்னிங் பேக்டரியில் அவர் எடை பார்க்கும் கிளார்க். இளவயதில் இரண்டு வருஷம் கொல்லத்தில் இருந்து மலையாளத்தைக் கரைத்துக் குடித்ததாகப் பார்த்தவர்களிடமெல்லாம் அளந்து வைத்திருந்தார். இருந்தது என்னவோ நிஜம்தான். நம்மூர்க்காரர் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில், அடுப்படியை விட்டு வெளியே தலைகாட்டாமல் இருந்தார்.

கொல்லத்துக் கம்பெனி மானேஜர் மைக்கேல் பஞ்சு வாங்க வருவதாகத் தந்தி வந்ததும், வந்தது வினை.

"ஏமய்யா, நம்ம வேலையாளுகளுக்கு ஆளுக்கு நாலு வார்த்தை மலையாளம் சொல்லிக்குடு. வாரவரு மனசு குளிரணும்" என்றார் சுப்புராஜ். கொல்லத்துக் கதை பொய்யென்று தெரிந்தால் அன்றைக்கே வேலை போய்விடும் என்பதையும் சிரித்துக்கொண்டே சொல்லிவைத்தார்.

வேலை போனால் சோழபுரத்தில் மச்சினன் வயலில் மாடு பத்த வேண்டியதுதான். மச்சினன் சிரிக்கிற சிரிப்பை வேறு தினமும் பார்க்க வேண்டும்.

சுடலைமாடத்தி கேட்டதற்கு மறுநாளே பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனார். மடவார் வளாகத்துச் செல்லத்தாய் மலையாளத்துப் புனலூரில் வாழ்ந்து திரும்பியவள். வெள்ளம் என்றால் தண்ணீர், மதி என்றால் போதும், கொள்ளாம் என்றால் நன்றாயிருக்கிறது, இவிடே என்றால் இங்கே என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள்.

"பருத்திக்கு?"

"பருத்திக்குப் பருத்திதான்."

ஜேசுதாசனுக்குத் திக்கென்றது. இதைப் போய்ச் சொன்னால், இதற்கா ரெண்டு வருஷம் கொல்லத்தில் இருந்தாய் என்று முதலாளி கேட்பாரே. யோசித்தபடியே ஊர் திரும்பி, பருத்திக்குப் 'பருந்தோலி' என்று பெயர் சூட்டினார். எல்லோருக்கும் அது ரொம்பப் பிடித்துவிட்டது. தராசுக்குக் கேட்டார்கள், சாக்குக்குக் கேட்டார்கள். கேட்கக் கேட்க அவரும் கூசாமல் பெற்றுப் போட்டார். ஒரே வாரத்தில் பேக்டரி முழுக்க மலையாளம் மணத்தது. மலையாளிக்குத்தான் விளங்காது.

மைக்கேல் வருவதற்கு முதல்நாள் ஜேசுதாசனுக்குக் குளிர்சுரமே வந்துவிட்டது. வந்தவர் வாய் திறக்குமுன் வேலையாட்கள் பேசுவது மலையாள தேசத்தில் மரியாதைக் குறைவு என்று சுப்புராஜிடம் ஒரு போடு போட்டார்.

சுப்புராஜ் யோசித்தார். "அப்பச் சரி. நீ ஒருத்தனே பேசு."

தானே வெட்டிய குழியில் தானே நின்றார் ஜேசுதாசன்.

மைக்கேல் வெள்ளை முண்டும் குடையுமாகக் காரிலிருந்து இறங்கினார். பேக்டரியே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. ஜேசுதாசன் கர்த்தரை நினைத்துக்கொண்டு கண்ணை மூடி, இவிடே பருந்தோலி கொள்ளாம் என்று தொடங்கி, வெள்ளம் மதி வரைக்கும் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தார்.

மைக்கேலின் முகம் வெளுத்தது. நெற்றியைத் துடைத்தார். குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, "கொள்ளாம்" என்றார்.

பிறகு சுப்புராஜிடம், தனக்குத் தமிழும் கொஞ்சம் வரும் என்று தயங்கித் தயங்கிப் பேசினார். இவ்வளவு சுத்தமான மலையாளத்தைத் தாம் கேட்டதே இல்லையாம். இவரைக் கொல்லத்துக்கு அனுப்பிவைத்தால் கம்பெனியில் தமக்கு அடுத்த நாற்காலியைக் கொடுப்பாராம். பஞ்சு முழுவதையும் வாங்கிக்கொள்வாராம். சுப்புராஜ் அந்த இடத்திலேயே சரி என்றுவிட்டார்.

ஜேசுதாசனுக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாம் புரிந்தும் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றிய மனுஷனாயிற்றே. உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று கார்ப் பக்கம் போனார். அங்கே மைக்கேலின் டிரைவர் இருளப்பசாமிதான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனிடமே மனம்விட்டு எல்லாவற்றையும் சொன்னார்.

இருளப்பசாமியின் கையிலிருந்த துணி நின்றது.

"கெடுத்தீயளே அண்ணாச்சி. எங்க மானேஜர் ஐயா பொறந்தது இந்தா இருக்க தேவதானம். மலையாளம் தெரியும்னு பொய் சொல்லி வேலைக்குச் சேந்துட்டு, அங்கன தனக்குப் பதிலாப் பேச ஒரு ஆளத் தேடி ரெண்டு வருசமா அலையுதாவ."